பதற்றமா, ஏவுதலா? மனதில் எழும் எண்ணத்தைச் சோதித்தறியும் வழி

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது உள்ளே ஒரு எண்ணம்: "இன்றைக்குப் போகாதே, ஏதோ நடக்கப்போகிறது." இன்னொரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கையில்: "அந்த அக்காவிடம் பேசி ரொம்ப நாளாயிற்று, ஒரு போன் போடு." இரண்டும் நாம் அழைக்காமலே வந்தவை. இரண்டும் நெஞ்சில் பாரமாக உட்காருகின்றன. இரண்டுக்கும் நாம் ஒரே பெயர்தான் வைக்கிறோம்: "ஆவியானவர் உணர்த்தினார்." சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

"ஆவியை அவித்துப்போடாதிருங்கள்" என்று சொன்ன பவுல், இரண்டே வசனம் தள்ளி "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:19-21). சோதித்துப் பார்த்தால் அவிசுவாசமாகிவிடுமோ என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். தயங்க வேண்டாம், இது வேதமே இட்ட கட்டளை. தேவனிடமிருந்து வந்த ஏவுதல் நாம் சோதித்து முடிக்கும்வரை காத்து நிற்கும். பயத்துக்குப் பொறுமை கிடையாது. இப்போதே செய், யாரிடமும் கேட்காதே என்று விரட்டும். "விசுவாசிக்கிறவன் பதறான்" என்கிறது ஏசாயா 28:16. கீழே வரும் எல்லாமே அந்த ஒரு வரியிலிருந்து கிளைத்தவை.

தொடங்குமுன் ஒன்று. ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுகிறவர்கள், ஜெபத்தில் ஒரு வார்த்தை பிசகினால் முதலிலிருந்து தொடங்குகிறவர்கள், "மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனோ" என்று நாள்முழுக்க உழல்கிறவர்கள் இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டாம். நேராக "சோதிப்பதே நோயாகும்போது" என்ற பகுதிக்குப் போங்கள். காரணம் அங்கே இருக்கிறது.

முதலில் உடம்பைப் பாருங்கள்

யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்கிறான். அந்த நேரத்தில் அவனுக்கு உபதேசம் வரவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வந்தன. சாப்பிட்டான், தூங்கினான். தூதன் மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிட வைத்தான். அதற்குப் பிறகுதான் நாற்பது நாள் நடையும், ஓரேப் மலையும், அமர்ந்த மெல்லிய சத்தமும் (1 இராஜாக்கள் 19). வரிசையைக் கவனியுங்கள்: சாப்பாடும் தூக்கமும் முன்னே, சத்தம் பின்னே.

ஆகவே ஒரு எண்ணம் அழுத்தும்போது முதல் கேள்விகள் ஆவிக்குரியவை அல்ல. நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினேன்? கடைசியாக எப்போது சாப்பிட்டேன்? இன்று எத்தனை காபி? காய்ச்சலா, மாதவிடாய் நெருங்குகிறதா? தைராய்டு அதிகமாகச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், காரணமில்லாத பயம் வரும். பல வாரங்களாகப் படபடப்பு ஓயவில்லை என்றால் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

உபவாச நாட்களில் கூடுதல் கவனம் தேவை. வெறும் வயிற்றின் நடுக்கத்தை "ஆவியில் பாரம்" என்று எடுத்துக்கொள்வது மிக எளிது. உபவாசத்தில் வந்த எண்ணத்தைத் தள்ளிவிடாதீர்கள், எழுதி வையுங்கள். உபவாசம் முடித்து, இரண்டு வேளை சாப்பிட்டு, ஒரு இரவு நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு முடிவெடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது.

எண்ணத்தை அதன் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்

"வேலையைப் பற்றி ஒரு உணர்த்துதல்" என்று எழுதினால் பயனில்லை. மனதில் ஓடிய வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். எழுதியபின் வினைச்சொற்களின் வால்களைப் பாருங்கள். "வேலை போய்விட்டால்", "பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்", "இதைச் செய்யாவிட்டால்". கவலை பெரும்பாலும் 'விட்டால்' என்றே முடியும், பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதே இல்லை. ஏவுதலோ பெரும்பாலும் முழு வாக்கியம்: போய்ப் பார், கொடுத்துவிடு, மன்னிப்புக் கேள், காத்திரு. செய்து முடிக்கக்கூடிய ஒரு காரியம் அதில் இருக்கும்.

வேதத்தில் நிபந்தனையோடு வரும் எச்சரிப்புகளும் உண்டுதான். ஆனால் அவை செய்த பாவத்தைப் பெயர் சொல்லிக் காட்டும், திரும்பி வரும் வழியையும் திறந்து வைக்கும்.

இதே அளவுகோல்தான் குற்ற உணர்வுக்கும். "நீ வேஷக்காரன், உன்னால் ஒன்றுக்கும் ஆகாது" என்பது எதையும் குறிப்பாகச் சொல்லாத பழிப்பு. அதைக் கேட்டு நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை, சுருண்டு படுப்பதைத் தவிர. "நேற்று மாமியாரிடம் சொன்னது பொய். போய்ச் சொல்லிவிடு" என்பது உணர்த்துதல். அது வலிக்கும், ஆனால் கால் எங்கே போகவேண்டும் என்று தெரியும். வரி வசூலித்த சகேயு இயேசுவுக்கு முன் கணக்கே போட்டான்: ஏழைகளுக்குப் பாதி, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை. 2 கொரிந்தியர் 7:10 பிரித்துக் காட்டும் தேவனுக்கேற்ற துக்கத்துக்கும் லெளகிக துக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒன்று மனந்திரும்புதலில் போய் முடிகிறது, மற்றது மரணத்தில்.

பின்னால் என்ன மிஞ்சுகிறது?

இந்தத் துறையில் மிகவும் கூர்மையாகக் கவனித்தவர், சென்னை லயோலா கல்லூரியின் பெயருக்குக் காரணமான இஞ்ஞாசியார், இயேசு சபையைத் தொடங்கிய ஸ்பெயின் நாட்டுப் புனிதர். 1521 மே மாதம் பாம்ப்ளோனா போரில் பீரங்கிக் குண்டு அவர் காலைச் சிதைத்தது. லொயோலா வீட்டில் படுத்துக்கிடந்தபோது வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர் கதைகளும்தான். சில நேரம் ஒரு சீமாட்டியின் மனதைக் கவரப்போவதாக மூன்று நான்கு மணி நேரம் தொடர்ந்து கற்பனை செய்வார். சில நேரம் புனிதர்களைப்போல எருசலேமுக்கு வெறுங்காலோடு நடப்பதாக. நினைக்கும்போது இரண்டும் இனித்தன. நினைத்து முடித்த பின்? முதலாவது வறட்சியை விட்டுச் சென்றது. இரண்டாவது முடிந்த பின்னும் சந்தோஷம் தங்கியது. கண் திறந்தது அங்கேதான் என்று பிற்காலத்தில் சொன்னார்.

ஆகவே எண்ணம் வந்த நொடியின் உணர்ச்சியை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அது அடங்கியபின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பாருங்கள். இதற்கு ஒரு நோட்டுப் போதும். தினமும் 10 நிமிடம், 14 நாள். எண்ணம், அதற்கு முன் நடந்தது, அதற்குப் பின் நடந்தது என்று மூன்று பத்தி.

நாகர்கோவிலில் வயதான அம்மாவோடு இருப்பவருக்குச் சென்னைக்கு மாற்றல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் இரண்டு பதிவுகள் இப்படி இருக்கலாம்.

செவ்வாய், இரவு 11:20. எண்ணம்: "நான் போய்விட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும்." முன்: ஆபீசில் வாக்குவாதம், மதியம் சாப்பிடவில்லை. பின்: தூக்கம் இல்லை. காலையில் அம்மாவிடமே எரிந்து விழுந்தது.

வியாழன், காலை 6:10. எண்ணம்: "அம்மாவிடம் கேள்." முன்: நல்ல தூக்கம், சங்கீதம் வாசித்தது. பின்: பயம் போகவில்லை, ஆனாலும் வேலை ஓடியது. சாயங்காலம் காபி போட்டுக் கொடுத்து அம்மாவிடம் பேசியது.

முதல் எண்ணம் யாருக்காகப் பயப்பட்டதோ அவரையே கடிக்க வைத்தது. இரண்டாவது அவர் பக்கத்தில் உட்கார வைத்தது. ஒரு நாள் பதிவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. 14 நாள் முடிந்து மொத்தமாகப் புரட்டும்போது போக்கு தெரியும். எந்த எண்ணம் நெடுக ராத்திரியிலேயே வருகிறது, எது பகலிலும் தூங்கி எழுந்த பின்னும் அதே சாந்தத்தோடு திரும்பி வருகிறது என்று. "ஏதோ நடக்கப்போகிறது" என்று தோன்றியும் ஒன்றும் நடக்காத நாட்களும் அதில் பதிவாகியிருக்கும். பலித்த ஒன்று மட்டும் ஞாபகத்தில் நின்று, பலிக்காத இருபது மறந்துபோவதால்தான் பஸ் எண்ணம் போன்றவற்றுக்கு நாம் தீர்க்கதரிசன மதிப்புக் கொடுத்துவிடுகிறோம்.

சமாதானம் இருக்கிறது, போதுமா?

போதாது. சபைகளில் அதிகம் சறுக்குவது இங்கேதான், அதனால் சற்று நின்று பார்ப்போம். யோனா தேவனுடைய கட்டளையை மீறி ஓடும் கப்பலில், புயலின் நடுவே அயர்ந்து தூங்கினான். இயேசுவோ பிதாவின் சித்தத்தின் மையத்தில் நின்றபடி கெத்செமனேயில் வியாகுலப்பட்டார், வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. முதலாமவனின் நிம்மதி கீழ்ப்படியாமையின் மரத்துப்போன தன்மை. இரண்டாமவருடைய வேதனை கீழ்ப்படிதலின் விலை.

இஞ்ஞாசியார் இதற்கு ஒரு உவமை வைத்தார். தேவனை நோக்கி வளர்ந்துகொண்டிருக்கிறவரிடம் நல்ல ஆவி, பஞ்சில் இறங்கும் நீர்த்துளிபோல மெதுவாக வரும். தீய ஆவி கல்லில் தெறிக்கும் துளிபோலச் சத்தமாக மோதும். தேவனை விட்டு விலகிப் போகிறவரிடம் இது தலைகீழ். அங்கே குத்துவது தேவன், தடவிக் கொடுப்பது சத்துரு. அதனால் "சமாதானம் இருக்கிறதா" என்று கேட்குமுன், "நான் எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறேன்" என்று கேளுங்கள். தெரிந்தே ஒரு பாவத்தை வைத்துக்கொண்டு இருப்பவருடைய சமாதானத்தை அளவுகோலாக எடுக்க முடியாது.

எண்ணத்தின் அளவுக்கேற்ற சோதனை

எல்லா ஏவுதலுக்கும் 14 நாள் தேவையில்லை. அன்பானது, சிறியது, தவறானாலும் யாருக்கும் நஷ்டமில்லாதது என்றால் உடனே செய்துவிடுங்கள். அக்காவுக்குப் போன் போட எதற்கு உபவாசம்? அது வெறும் உங்கள் ஞாபகம்தான் என்றாலும் அக்காவுக்குச் சந்தோஷம். இப்படிச் சின்னக் காரியங்களில் கீழ்ப்படிந்து பழகுகிறவர்களுக்கே பெரிய காரியங்களில் காது பழகும்.

ஒரு மாதச் சம்பளத்தைத் தொடும் பணக் காரியம் என்றால் குறைந்தது ஒரு வாரம். வேலை, திருமணம், ஊர் மாற்றம், ஊழியத்துக்கு முழுநேரமாக வருவது போன்றவற்றுக்குக் குறைந்தது நான்கு வாரம், இரண்டு பேரின் ஆலோசனை. நெகேமியா எருசலேமின் இடிந்த மதிலைப் பற்றிக் கேட்டது கிஸ்லேவு மாதத்தில். ராஜாவிடம் வாய் திறந்தது நிசானில். நடுவில் நான்கு மாதம் ஜெபமும் உபவாசமும். வாய் திறந்தபோது கடிதங்கள், மரங்கள், எத்தனை நாள் ஆகும் என்பது வரை கையில் இருந்தது.

எந்த அளவாக இருந்தாலும் ஒரு வேலி உண்டு: கட்டளைக்கும் ஏற்கெனவே உள்ள கடமைக்கும் எதிராக ஏவுதல் வராது. கூட்டத்தில் உருகி, பிள்ளையின் பீஸுக்கு வைத்த பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட ஏவப்பட்டதாகத் தோன்றினால் மாற்கு 7:11-ஐத் திறந்து வாசியுங்கள். "கொர்பான்" (காணிக்கை) என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை ஆலயத்துக்குத் திருப்பியவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று அங்கே இருக்கிறது.

வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைப்பது, வாக்குத்தத்த அட்டையை மூன்றாம் முறை உருவுவது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். பிடித்த வசனம் வரும்வரை உருவுகிறோம் என்றால் பேசுவது நாம்தான். பிசாசும் 91-ஆம் சங்கீதத்தை மேற்கோள் காட்டினான். ஆட்டுத்தோலில் பனி விழுவதை வைத்துக் கிதியோன் உறுதி கேட்டதைச் (நியாயாதிபதிகள் 6) சொல்லி அடையாளம் கேட்கிறவர்கள், அவனுக்குக் கட்டளை முன்னமே தெளிவாக வந்துவிட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். தோல் அவன் பயத்துக்குத் தேவன் இறங்கிவந்த இரக்கம். வழி கண்டுபிடிக்கும் முறையாக அது கொடுக்கப்படவில்லை.

ஒருவரிடம் சொல்லுங்கள்

பயம் ரகசியத்தில் வளரும். "இதை யாரிடமும் சொல்லாதே, புரிந்துகொள்ள மாட்டார்கள்" என்ற வரி எண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தால், அந்த வரியே எச்சரிக்கை மணி. சாமுவேலுக்குச் சத்தம் கேட்டபோது அவன் மூன்று முறை ஆசாரியரான ஏலியிடம் ஓடினான். ஏலியும் கூட மூன்றாம் முறைதான் கண்டுகொண்டார்.

கேட்கப்போகிறவர் உங்கள் முடிவால் லாபமோ நஷ்டமோ அடையாதவராக இருக்கட்டும். உங்களைத் தன் சபையில் தக்கவைக்க விரும்புகிறவரிடம் சபை மாறலாமா என்று கேட்காதீர்கள். பதில் சொல்லுமுன் கேள்வி கேட்கிறவர், கேட்டதை வெளியே விடாதவர் வேண்டும். போதகரோ குருவானவரோ மூத்த விசுவாசியோ, ஒருவர், அதிகபட்சம் இருவர். ஐந்து பேரிடம் போய் ஐந்து பதில் வாங்குவது ஆலோசனை அல்ல. அது பதற்றத்துக்குத் தீனி.

சொல்லும் விதமும் முக்கியம். "கர்த்தர் சொல்லிவிட்டார்" என்று தொடங்கினால் எதிரே இருப்பவர் வாயடைத்துப்போவார். "எனக்கு இப்படித் தோன்றுகிறது, நீங்கள் சோதித்துப் பாருங்கள்" என்று தொடங்குங்கள். கல்யாணக் காரியத்தில் "கர்த்தர் உங்களைத்தான் காட்டினார்" என்று ஒருவரிடம் போய் நிற்பது அவர் மேல் தேவனுடைய பெயரால் போடும் நெருக்கடி. அவரிடமும் பேசத் தேவனுக்குத் தெரியும்.

ஆலோசனை கேட்டபின் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பவுல் ஆவியிலே கட்டுண்டவனாய் எருசலேமுக்குப் போனார். தீருவிலிருந்த சீஷர்கள் ஆவியின் ஏவுதலினாலே போகவேண்டாம் என்றார்கள். ஆபத்து வரும் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. ஆபத்து என்றால் போகக்கூடாது என்பதுதான் அன்பினால் அவர்கள் சேர்த்துக்கொண்டதாகத் தெரிகிறது. பிறகு செசரியாவிலும் அப்படியே தடுத்தவர்கள், கடைசியில் "கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது" என்று அமர்ந்தார்கள் (அப்போஸ்தலர் 20-21). நமக்கு வரும் உணர்த்துதலிலும் எவ்வளவு வந்தது, எவ்வளவு நாம் சேர்த்தது என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

முடிவெடுத்த பின் வறட்சி வரும். ஜெபம் வராது, "தப்புச் செய்துவிட்டோமோ" என்று குடையும். அந்த நாட்களில் முடிவை மாற்றாதீர்கள். இஞ்ஞாசியாரின் விதிகளில் அதிகம் பேரைக் காப்பாற்றியது இதுவாகத்தான் இருக்கும்: தெளிவில் எடுத்ததை இருளில் திருத்தாதே. மாற்ற வேண்டியதுதான் என்றால் தெளிவு திரும்பியபின் மாற்றலாம்.

சோதிப்பதே நோயாகும்போது

இஞ்ஞாசியாரே இதில் விழுந்தவர். மொன்செராட் மடத்தில் மூன்று நாள் எழுதி எழுதிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஆனாலும் அடுத்துத் தங்கிய மன்ரேசா ஊரில், எதையோ சொல்லாமல் விட்டோம் என்ற சந்தேகம் விடவில்லை. மிகத் தெளிவாகத் தெரியும் பாவத்தைத் தவிரப் பழையதைச் சொல்ல வேண்டாம் என்றார் குருவானவர். அவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தன! தற்கொலை எண்ணம் வரை போனது. ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். நிறுத்தும்படி குருவானவர் கட்டளையிட்டார். இரண்டு நாள் விட்டு மூன்றாம் நாள் சந்தேகம் திரும்பியது. ஒரு பாவ நினைவு அடுத்ததை இழுத்து வருவதைக் கடைசியில் அவர் கண்டுகொண்டார். பழையவற்றை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவு செய்தார், விடுபட்டார்.

எல்லாருக்கும் அப்படித் தனியாக விடுபட முடியாது, முடிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இப்படிப்பட்ட சந்தேகம் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றால், வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால், அது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். ஜெபத்தின் நடுவே தேவதூஷணமான வார்த்தையோ அருவருப்பான காட்சியோ வந்து நடுங்குவதும் இதில் வழக்கம். அந்த எண்ணத்தை நீங்கள் வெறுக்கிறீர்கள் என்பதே அது உங்கள் விருப்பம் அல்ல என்பதைக் காட்டுகிறது. இங்கே நோட்டு, பத்தி, ஆலோசனை எல்லாம் தீமை செய்யும். ஒவ்வொரு முறை சோதித்து நிம்மதி அடையும்போதும், சோதித்தால்தான் நிம்மதி என்று மூளை கற்றுக்கொள்கிறது. சுழற்சி இறுகுகிறது. சிகிச்சை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகும்: பயமூட்டும் எண்ணத்தை வரவிட்டு, மறுபடி அறிக்கையிடாமல், மறுபடி கேட்காமல் இருக்கப் படிப்படியாகப் பயிற்சி. சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். மனநல மருத்துவரிடம் போவதைப் போதகரிடம் மறைக்காதீர்கள். ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப உறுதி சொல்ல வேண்டாம் என்று அவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும்" என்ற எண்ணமோ, காதில் கட்டளையிடும் குரலோ, உங்களையோ பிறரையோ காயப்படுத்தத் தூண்டும் எதுவுமோ வந்தால் சோதிக்க உட்கார வேண்டாம். அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் போங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 ஆகியவை அரசின் மனநல உதவி எண்கள்.

ராத்திரி மூன்று மணிக்கு

பலருக்கு எண்ணம் பாய்வது அந்த நேரம்தான். தலையணைக்கு அருகே ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள், போன் வேண்டாம். எண்ணத்தை ஒரே வரியில் எழுதி, பக்கத்தில் மணியைக் குறித்து, "ஆண்டவரே, காலை ஏழு மணிக்கு உம்மோடு இதைப் பார்க்கிறேன்" என்று சொல்லி விளக்கை அணையுங்கள். படுத்தபடி ஜெபித்தால் ஐந்து நிமிடத்துக்குமேல் வேண்டாம். அதற்குமேல் பெரும்பாலும் தேவனிடம் பேசுவது நின்று, கவலையை அரைப்பது தொடங்கிவிடும். மன்ரேசாவில் இஞ்ஞாசியாருக்குப் படுக்கும் நேரம் பார்த்துப் பெரிய பெரிய ஆவிக்குரிய வெளிச்சங்கள் வந்துகொண்டே இருந்தன. ஜெபத்துக்குப் பகலில் நேரம் ஒதுக்கியிருக்க, இவை ஏன் தூக்கத்தைத் தின்ன வேண்டும் என்று யோசித்து, அவற்றை விட்டுவிட்டுத் தூங்கினார்.

காலை ஏழு மணிக்கு, முகம் கழுவி, ஏதாவது குடித்துவிட்டு அந்தத் துண்டை எடுத்து வாசியுங்கள். ராத்திரி எழுதிய வரி இப்போதும் செய்யச் சொல்கிறதா, அல்லது 'விட்டால்' என்று பாதியில் நிற்கிறதா என்று பார்த்து, செய்யச் சொன்னால் நோட்டில் ஏற்றுங்கள்.